சோதனைப் படம்

புது மானிட்டர் எது வந்தாலும் சாலமன் முதலில் அதில் போட்டுப் பார்ப்பது, இறந்துபோன மனைவி ஜெசிந்தாவைக் கடற்கரையில் நிற்கவைத்து எடுத்த படத்தைத்தான். சினிமாவுக்கு நிறம் திருத்துகிற எல்லோரிடமும் இப்படிச் சொந்தமாக ஒரு சோதனைப் படம் இருக்கும்.

“இது வேற மாதிரி சார்,” என்றாள் மானிட்டரை விற்க வந்திருந்த தேன்மொழி. “யார் என்ன திருத்தியிருந்தாலும் நீக்கிட்டு, எடுத்தப்ப இருந்த நிறத்தையே காட்டும்.”

பொத்தானை அழுத்தினாள். கடல் அப்படியே இருந்தது. வெள்ளைச் சேலையும் அப்படியே இருந்தது. ஜெசிந்தாவின் கண்கள் மட்டும் மஞ்சளாயின.

கதாநாயகிகளின் கண்களை வெள்ளையாக்கிப் பழகிய கை அவருடையது. படம் எடுத்த அன்றே, யோசிக்காமல், இந்தக் கண்களையும் வெள்ளையாக்கி வைத்திருந்தார்.

சில மாதம் கழித்து, ஈரல் கெட்டுப்போய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்: “கண்ணு எப்பவோ மஞ்சளாகியிருக்குமே, பார்க்கலையா?” சாலமன் இதே படத்தைப் போனில் எடுத்துக் காட்டி, “வெள்ளையாத்தானே டாக்டர் இருந்துச்சு” என்றிருந்தார்.

“நிறம் எப்படி சார்?” என்றாள் தேன்மொழி.

சாலமன் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“சரியா இருக்கு,” என்றார். “மஞ்சளை நல்லா காட்டுது.”