முன்னால் போன சைக்கிள்

"அந்தம்மா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்களே சார்" என்றாள் விடுதிக்காரி.

வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். இது மூன்றாவது நாடு. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்யாததுதான் பாக்கி.

"இன்னிக்கும் விட்டுட்டேனா? என் வீட்டுக்காரி எல்லையைத் தாண்டிட்டா அவ்வளவுதாம்மா. அந்தப் பக்கம் போக எனக்கு விசா இல்லை."

"போன் பண்ணுங்களேன்."

"சைக்கிள்ல ஏறிட்டா போனை எடுக்க மாட்டா."

"ரெண்டு பேரும் சேர்ந்தே போகக்கூடாதா?"

"அவ வேகம் அப்படி. அவதான் முதல்ல கிளம்பினா. நான் டயருக்குக் காத்தடிச்சுட்டு பின்னாலேயே ஓடி வந்தேன்."

விடுதிக்காரிக்கு மனசு உருகிவிட்டது. கூடவே, உள்ளே சோபாவில் படுத்திருந்த தன் கணவன்மேல் எரிச்சலும் வந்தது.

"ஏங்க, கேட்டீங்களா? பொண்டாட்டி பின்னாடியே நாடு நாடா சைக்கிள் மிதிச்சு வர்றாரு மனுஷன். நீங்களும் இருக்கீங்களே. தெருமுனைக் கடைக்குக் கூப்பிட்டாலே இடுப்பு பிடிச்சுக்குது."

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கிளம்பியது. விவரமான ஆள்.

"கவலைப்படாதீங்க சார். எல்லைச் சோதனைச்சாவடியில என் தம்பிதான் இருக்கான்." அவளே போனைப் போட்டாள். "டேய், நீலத் தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அம்மா சைக்கிள்ல வருவாங்க. அவங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் விடாதே. என்ன காரணமா? பாஸ்போர்ட்ல முத்திரை சரியா விழலைன்னு சொல்லேன். உனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எல்லைக்குப் போகிற மலைப்பாதையை எப்படி ஏறினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

சோதனைச்சாவடி பெஞ்சில் நீலத் தொப்பியோடு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். தம்பிக்காரன் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தான்.

"வாங்க சார். ஏன் நிறுத்தி வச்சேன்னு அம்மா என்கிட்ட ஒரே சண்டை. உங்க வீட்டுக்காரர் வர்றார்னு சொன்னதும்தான் அடங்கினாங்க. குடுத்து வச்சவர் சார் நீங்க."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லப் பக்கத்தில் போய் நின்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தானே வீட்டை விட்டு வந்தேன்? மூணாவது நாடும் வந்தாச்சு. இன்னும் எவ்வளவு தூரம்தான் நான் மிதிக்கணும்?"