சின்னப் புயல்

நிலாவில் குடியிருந்தவர்கள் எல்லோரும் சூரியனின் கோபத்துக்குப் பயந்தார்கள். எஸ்தர் மட்டும் அதற்காகக் காத்திருந்தாள்.

சூரியனைச் சுற்றிக் கொதிக்கும் ஒளிவட்டத்தைத் திரையில் பார்த்து, புயல் கிளம்பினால் அபாயச் சங்கை ஒலிக்க வைப்பது அவள் வேலை. சங்கு கேட்டதும் குடியிருப்பே பதுங்கறைக்கு ஓடும். மண் அள்ளும் வண்டி ஓட்டும் அவள் புருஷன் சகாயமும் வருவான். இவள் ஷிஃப்ட் முடியும்போதுதான் அவன் ஷிஃப்ட் தொடங்கும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் புயலின்போதுதான். ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஒரே டப்பாவில் எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒருநாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், அவள் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதாயிற்று.

"சூரியன் அடங்கிருச்சு. இனி ரெண்டு மூணு வருசத்துக்குப் புயல் வராது."

குடியிருப்பு முழுக்க விசில் பறந்தது. அது ஓய்ந்ததும் வண்டிக் கொட்டகையின் மைக்கிலிருந்து சகாயத்தின் குரல் வந்தது.

"மேடம், நல்லாப் பாத்தீங்களா? ஒரு சின்னப் புயல்கூடவா இல்ல?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் போட்டு, நிஜமாகவே இன்னொரு தடவை பார்த்தாள்.