அன்னையர் தின ஆர்டர்

படிப்புக் கடன் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன், நயிபேயின் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ரூபியேலா, தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் மனசுக்குள் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

வேண்டுதல் ஒன்றுதான். அந்தத் திரையில் எதுவும் வந்துவிடக் கூடாது.

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். இன்று செவ்வாய்.

இளைஞனின் விரல் நின்றது.

“உங்க பேர்ல ஒரு பாக்கி விழுந்ததாப் பதிவு இருக்கு. சென்ட், கிரீமெல்லாம் கேட்லாக் காட்டி வீடு வீடா விப்பாங்களே, அந்தக் கம்பெனி. போன வருஷம் மே மாசத்து ஆர்டர். நீங்களா வித்தீங்க?”

கேட்டது நயிபேயிடம்.

விற்றது ரூபியேலா. பித்தாலீத்தோ ஊரில் பாதிப் பெண்கள் பதினான்கு வருடமாக மணப்பது அவள் புண்ணியத்தில்தான். வாய் ஜாஸ்தி, கறார் கிடையாது. அடுத்த வாரம் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொருளைக் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு வருவாள். வாங்கியவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கம்பெனிக்கு அவள் கட்டியாக வேண்டும். ஒருமுறை கட்ட முடியாமல் போனது. கம்பெனி அவள் கணக்கை முடக்கிவிட்டது.

கணக்கு முடங்கியவர்கள் இந்தத் தொழிலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் பெயரில் புதுக் கணக்கு திறப்பார்கள். தங்கையோ மாமியாரோ, கிடைத்த ஆள். அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை.

அப்போது நயிபேக்குப் பதினெட்டு முடிந்து, அட்டை கைக்கு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையிலிருந்து எடுத்து ரூபியேலா செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

மே மாதம். அன்னையர் தினம். வருடத்திலேயே பெரிய விற்பனை அப்போதுதான். அந்த ஓர் ஆர்டர் போதும், பழைய பாக்கியெல்லாம் தீர்ந்துவிடும், மகளுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டாள்.

ஓட்டல் சலவைக்கூடத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தார்கள். சம்பளத்தன்று பணம் என்று பேச்சு. பெட்டி வந்ததும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே சலவைக்கூடத்தை இழுத்து மூடினார்கள். சம்பளம் வரவில்லை, பெண்கள் பிழைப்புத் தேடி ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். யாரைத் திட்டுவது? உதட்டில் பூசிய சாயத்தைச் சுரண்டியா திருப்பி வாங்க முடியும்?

வசூல்காரர்கள் கொஞ்ச நாள் போன் செய்தார்கள். ரூபியேலா எடுக்கவில்லை. பிறகு போன் வருவது நின்றுபோனது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கடன் கொடுத்தவன் மறப்பானா? ஆனால் நம்புவதற்குச் சுகமாக இருந்தால் அவள் எதையும் நம்பிவிடுவாள்.

“கட்டி முடிச்சிட்டா அழிஞ்சிடும்னு சொன்னாங்களே, சார்?” என்றாள் நயிபே.

ரூபியேலா திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள்.

“முழுசாக் கட்டியிருக்கீங்க, இல்லேங்கல. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா. ஆகஸ்டோட முடிஞ்சிருக்கு. ஆனா இந்தக் கரும்புள்ளி இன்னும் ஒரு வருஷம் நிக்கும். அதுவரைக்கும் நாங்க கடன் தர முடியாது.”

ரூபியேலா ஒரு பெசோகூடக் கட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் காபிப் பழம் பறிக்கப் போனது கைச்செலவுக்காக என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாள்.

இளைஞன் குரலைத் தாழ்த்தினான். நயிபேயிடம் பேசினாலும் பார்வை ரூபியேலாமேல் இருந்தது. இப்படி எத்தனையோ அம்மாக்களை அந்த நாற்காலியில் பார்த்தவன்.

“உங்க அட்டைய வேற யாராவது எடுத்து இதச் செஞ்சிருந்தா சொல்லுங்க. போலீஸ்ல ஒரு புகார் குடுக்கணும். யாருன்னு பேர் எழுதணும். அந்தக் காகிதம் வந்துட்டா நாளன்னிக்கே இத எடுத்துடுவேன்.”

“தம்பி…” என்று ரூபியேலா வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் போனாள். பேர் எழுதட்டும், ஜெயிலில் வைக்கட்டும், பெண் படிக்கட்டும்.

மேசைக்கு அடியில் நயிபேயின் கை அவள் முழங்காலை இறுக்கிப் பிடித்தது.

“நான்தான் சார் வித்தேன். வசூலாகல.”

இளைஞன் விண்ணப்பக் காகிதங்களை அடுக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

தெருவில் நல்ல வெயில். மகளுக்குச் சமமாக நடக்க ரூபியேலாவுக்குக் கால் வரவில்லை. ஓரடி பின்னாலேயே நடந்தாள். சதுக்கத்தைத் தாண்டும்போது கேட்டாள்.

“எப்படித் தெரியும் உனக்கு?”

“அட்டைய எடுத்தியே, அன்னிக்கே தெரியும். நான் போட்டோ வெளிய தெரியற மாதிரிதான் வைப்பேன். நீ திருப்பிச் சொருகியிருந்த.”

“அடிப்பாவி! அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனேடி. ஏன் கேக்கல?”

நயிபே நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ரூபியேலா எப்படியாவது தாங்கியிருப்பாள்.

“நீ கட்டிடுவன்னு நம்பினேன்மா.”