பெயர் சுரண்டிய ஐ.சி.

இன்ஸ்பெக்டர் அந்தப் பலகையைப் பொலிஸ் நிலைய மேசையில் வைத்ததும், ஸ்ரீஸ்கந்தராசாவின் நாவின் நுனிவரை ஒரு சொல் வந்தது.

அதை விழுங்கிவிட்டார்.

உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகை. நடுவே எட்டுக் கால்களோடு கறுப்புச் சிப் ஒன்று, ஐ.சி. அதன் முதுகில் இருக்கவேண்டிய எழுத்தும் இலக்கமும் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தன. பின்புறத்தில் ஈயப் பொட்டுகள் மங்கி, சாம்பல் பூத்துக் கிடந்தன.

முந்தின வாரம் நகரில் குண்டு வெடித்திருந்தது. வெள்ளவத்தையில் அன்னபாக்கியத்தின் விடுதியைச் சோதித்தபோது, கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி அகப்பட்டது. அதற்குள் இருந்த பலகை இது.

ஸ்ரீயண்ணையின் பெட்டி என்று அந்த அம்மா சொன்னார். அந்த ஒழுங்கையில் அவ்வகைப் பெட்டிக்கு வேறு பெயர் கிடையாது.

இரவில் பதிகம் கேட்டபடி கண்ணயர்வோருக்கு, அரை மணி கழித்துக் கசெற்றைத் தானாக நிறுத்திவிடும் பெட்டி. காலி வீதியில் வானொலி திருத்தும் ஸ்ரீஸ்கந்தராசா கண்டுபிடித்துச் செய்தது. காலையில் கடைக்கு வந்து பொலிஸார் கேட்டபோது, பெட்டியைப் பாராமலே, தம்முடையதுதான் என்று சற்றுப் பெருமையோடு ஒப்புக்கொண்டிருந்தார். அது எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே: களவில்லாத சாமானுக்குப் பெயரை ஏன் சுரண்டவேண்டும்?

எதிர்க்கடை நிலாம் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்பதற்காக, என்றார் அவர். அது உண்மை. அரத்தாள் கொண்டு தேய்த்த பிறகே எந்தப் பெட்டியையும் அவர் மூடுவார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்படியென்றால் அந்த நிலாமே வந்து சொல்லட்டும். போட்டிக்காரனுக்கு இவரைக் காப்பாற்றக் காரணம் ஏது? நேரம் எண்ணுகிற சாமான் என்று மட்டும் தெரிந்தால், ஐயாவை மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வரும்.

மேலிடத்துக்குப் போனவர்களின் மனைவிமார் வெயிலில் வரிசையாய் நிற்பதை ஸ்ரீஸ்கந்தராசா கண்டிருக்கிறார்.

அந்த ஐ.சி. நேரம்தான் எண்ணும். வேறொன்றும் இல்லை.

நிலாம் கருவிப் பையோடு வந்தார். மேசையைப் பார்த்ததும் அவர் நடை ஒரு கணம் தடைப்பட்டது. அதன்பின் அவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பலகையை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரெசிஸ்டரின் நிற வளையங்களை உதட்டுக்குள் படித்தார்: மண்ணிறம், பச்சை, பச்சை. பெருவிரல் பருமனான கண்டென்சரைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த ஆயிரம் மைக்ரோவையும் படித்தார். தொழில் தெரிந்தவனுக்கு அவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லும்: டைமர்.

பெயரே இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நிலாம் சிங்களத்தில் பதில் சொன்னார். பெயர் அழிந்தாலும் அக்கம்பக்கம் சொல்லிவிடும், சேர்.

அக்கம்பக்கம் என்ன சொல்கிறது?

ஸ்ரீஸ்கந்தராசா கண்களை மூடினார். நாளும் ஓதும் பதிகத்தின் முதலடி வந்தது. இரண்டாம் அடி வர மறுத்தது.

பெல், என்றார் நிலாம். வீட்டு வாசலில் அமத்துகிற பெல்.

அடித்துக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

கண்டென்சர் காய்ந்துபோய்விட்டது என்று முணுமுணுத்தபடி நிலாம் அந்தப் பெரியதைக் கழற்றினார். பையைத் துழாவி, 102 என்று எழுதிய, உளுந்தளவான இன்னொரு கண்டென்சரை எடுத்தார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பெரிய கண்டென்சரில் மின் நிறைவதற்கு அரை மணியாகும். உளுந்தளவானதோ ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நிறைந்து வடியும். காத்திருப்பு அவ்வளவுக்குச் சுருங்கினால், அது சத்தமாகிவிடும்.

ஆனால் ஈயம் சரியாக ஒட்டவில்லை. சோல்டரிங் அயனின் நுனி இருமுறை வழுக்கிற்று. நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது. எட்டிப் பிடித்து ஒரே தொடுகையில் ஒட்டிக் கொடுக்க ஸ்ரீஸ்கந்தராசாவின் விரல்கள் துடித்தன. அவற்றை மடியில் பொத்தி வைத்துக்கொண்டார்.

ஒரு சிறு ஸ்பீக்கர். ஒரு பற்றரி.

சத்தம் இல்லை.

இன்ஸ்பெக்டர் கதிரையைப் பின்னே தள்ளி எழுந்தார்.

நிலாம் புதிய ஒட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஒரு ஓலம் எழுந்து அறை முழுவதும் நிறைந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு, போதும், கொண்டு போங்கள் என்று பலகையை ஸ்ரீஸ்கந்தராசாவிடமே தள்ளினார்.

இருவரும் காலி வீதிக்கு வந்தார்கள். கடற்காற்று முகத்தில் அடித்தது. கடைகள் தெரியும் மட்டும் நடந்தார்கள்.

ஒரு பஸ் இரைந்து கடந்துபோன பின், ஸ்ரீஸ்கந்தராசா சட்டைப் பையிலிருந்து பலகையை எடுத்து நீட்டினார்.

"இந்தாரும் நிலாம், உம்மட சாமான்."

நிலாம் அதை வாங்கிப் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப தெரிஞ்ச, அண்ணன்?"

"மேசையிலை வைச்ச உடனை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "சுரண்டினது அச்சொட்டு என்ர மாதிரித்தான். ஈயம் வைக்கத்தான் இன்னும் பழகவேணும்."