மௌனத்தாய்

மலேசியாவின் புலாவ் செபாங்கில் மலர்க்கொடியின் வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. அவர் பேசாமல் புன்னகைத்தபடி அமர்ந்திருக்கும் வீடியோ டிக்டாக்கில் பரவி, ‘மௌனத்தாய் நெறி’ என்று ஒரு மதமே பிறந்திருந்தது.

உள்ளே போகப் பார்த்த ஜனகாவைத் தொண்டர் இருளாண்டி மறித்தார்.

“லைன்ல வாம்மா.”

“நான் கும்பிட வரல ஐயா. அவங்களப் பேச வைக்க வந்திருக்கேன்.”

“தாயோட மௌனத்தைக் கலைக்கிறதா? ஜொகூர்லேருந்து பஸ் புடிச்சு வர்றாங்க. தாய் பேசிட்டா எங்க நெறி என்னாகிறது?”

சத்தம் கேட்டு மலர்க்கொடியின் மகன் கிஷன் ஓடிவந்தான். அந்த வீடியோவை முதலில் போட்டவன் அவன்தான்.

“மாமா, அவங்கள விடுங்க லா. நான்தான் வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க.”

“பயிற்சியா?”

“அம்மாவுக்கு ஸ்ட்ரோக் மாமா. வீடியோ கீழேயே எழுதியிருந்தேன். யாரோ அதை வெட்டிட்டு, பாட்டு சேர்த்துப் பரப்பிட்டாங்க. நான் உண்மையைச் சொன்னா, தாய் நம்மளச் சோதிக்கிறாங்கன்னு கமெண்ட் போடுறாங்க.”

இருளாண்டி வழிவிட்டு ஒதுங்கினார்.

ஜனகா வாராவாரம் வந்தாள். ஒருநாள் மலர்க்கொடி திணறித் திணறி, “கி...ஷா” என்றார். கிஷன் அழுதுகொண்டே அதையும் டிக்டாக்கில் போட்டான். வாசலில் கூட்டம் மெல்லக் கரைந்தது.

இருளாண்டி மட்டும் போகவில்லை. தயங்கியபடி ஜனகாவிடம் வந்தார்.

“என் வீட்டுக்காரிக்கும் ஸ்ட்ரோக்தாம்மா. பேச்சே போயிடுச்சு. தாய்க்குச் சேவை செஞ்சா திரும்ப வரும்னுதான் இங்க நின்னேன். அவளுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?”

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க ஐயா,” என்றாள் ஜனகா.