புரட்டாதிச் சனியில் மீன் வெட்டியவள்

தேர்தலைப் பகிஷ்கரிக்கவேண்டும் என்று தர்மிகன் ஒரு மாதமாய்க் கத்தியதில் உப்புவெளிக்கே காதடைத்துப்போயிருந்தது. எந்த ஜனாதிபதி வேட்பாளருக்கு வாக்குப் போட்டாலும் துரோகமாம். பெண்சாதி போட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவானாம்.

தேர்தலன்று பின்னேரம் பக்கத்துவீட்டுப் பத்மாசனி கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் நுழைந்தாள். அவன் பெண்சாதி தேனுகாவின் சின்னவிரலில் துணிக்கட்டு!

"மீன் வெட்டேக்க கத்தி பட்டிட்டுது, அக்கா."

"புரட்டாதிச் சனியில மீனோ?" பத்மாசனிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தர்மிகன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "பொய்! வாக்குப் போட்ட மையை மறைக்கிறாள், துரோகி! உடுப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடு!"

"நான் வாக்குப் போடேல்லை."

"போடேல்லையோ? அப்ப பள்ளிக்கூடத்து வரிசையில எனக்கு முன்னால நிண்டது ஆர்?"

சொன்ன கையோடு தர்மிகன் தன் சின்னவிரலைச் சாரத்துக்குள் மறைத்தான்.

தேனுகா துணிக்கட்டை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. அக்கா போய் ஊருக்குச் சொல்ல முதல் உங்கட விரலில சுத்துங்கோ."