கண்ணாடியில் ஏழு பொட்டு

"பொட்டு இல்ல," என்றான் முகில்.

புது கேம் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினான்.

தம்பிக்கு ஆறு வயது. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் இந்த வீட்டுச் சட்டம் அவனுக்கு அத்துப்படி.

எந்த கேம் வந்தாலும் அம்மா முதலில் தனியாக உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பாள். கடைசிவரை. மனசுக்குச் சரியென்று பட்டால், நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டுவாள். பொட்டு இருந்தால் முகில் விளையாடலாம். இல்லாவிட்டால் அழுதாலும் கிடையாது.

ரத்தம் வந்தால் பொட்டு இல்லை. கெட்ட வார்த்தை வந்தால் இல்லை. ஒரு கேமில் வீரன் தெருநாயை உதைத்தான். "நாயை உதைக்கிறவனோட நமக்கென்னடா சகவாசம்," என்று அதை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டாள்.

விளையாடும்போது அம்மா திட்டுகிற திட்டு தெருமுனை வரை கேட்கும். "எருமை! தள்ளிப் போ எருமை!" கார் வளைந்தால் அவளும் வளைவாள்.

அம்மா இறந்து மூன்று மாதம்.

மூன்று மாதமாக முகில் வீட்டில் எந்த கேமையும் தொடவில்லை. எதையும் கேட்கவில்லை. போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

நேற்று மாமா கடைக்குக் கூட்டிப்போய், "எது வேணுமோ எடுடா மாப்ளே," என்றாராம். வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காமல் இதை எடுத்திருக்கிறான். அட்டையில் ஒரு மஞ்சள் குஞ்சு.

"நீ பாத்துப் பொட்டு வைக்கா."

அவளுக்குப் பதினாறு வயது. எதற்கும் யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை.



சத்தத்தைக் குறைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். முகில் கதவுக்கு வெளியே காத்திருந்தான். அதுவும் சட்டம்.

புயலில் கூடு சரிகிறது. கண்விழித்த குஞ்சு தாயைத் தேடிக் கிளம்புகிறது. காளான் காடு. மலை. ஆறு. ஓட்டை விழுந்த பாலம்.

ரத்தம் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. நாய்கூட வந்தது. குஞ்சை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிட்டது.

அம்மாவுக்குப் பிடித்திருக்கும்.

ஒரு மணி நேரத்தில் கடைசி மரம். உச்சிக் கிளையில் கூடு. கூட்டில் தாய்ப்பறவை காத்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தாவல்.

அவள் பட்டனை அழுத்தவில்லை. டிவியை அணைத்தாள்.

கதவைத் திறந்தபோது முகில் எழுந்து நின்றான்.

"இது வேணாண்டா."

"சண்டையா?"

"இல்ல."

"ரத்தமா?"

"இல்லடா."

"நாயை உதைக்கிறாங்களா?"

அவள் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கடைசில அம்மா கெடச்சிரும். அதானே?" என்றான். "தெரியும். என் க்ளாஸ் ஜோவின் வீட்ல பாத்தேன். அதுக்குத்தான் எடுத்தேன்."

தன் நெற்றியில் இருந்த கறுப்புப் பொட்டை எடுத்துப் பெட்டியில் ஒட்டினாள்.

குனிந்து பார்த்தான். "இது ஒன்னோடது."

அப்பாவின் அறைக்குப் போனாள்.

பீரோ கண்ணாடியின் ஓரத்தில் ஏழு பொட்டு. சிவப்பு. முகம் கழுவப் போகும்போதெல்லாம் அம்மா கழற்றி ஒட்டி வைத்தவை. அந்தக் கண்ணாடியைத் துடைக்க அப்பா யாரையும் விடுவதில்லை. வேலைக்குப் போகுமுன் அதன் முன்னால் நின்று தலை வாருவார். வாரி முடித்த பிறகும் நிற்பார்.

கீழ்க்கோடியில் இருந்ததை நகத்தால் பெயர்த்தாள். குனிந்தால்தான் தெரியும் இடம். அப்பா குனிய மாட்டார்.

மாட்டார் என்று இரண்டுமுறை சொல்லிக்கொண்டாள்.

பெட்டியில் பொட்டு ஒட்டவில்லை.

பசை காய்ந்திருந்தது. வைத்ததும் நழுவித் தரையில் விழுந்தது. நாக்கில் தொட்டு வைத்தாள். விழுந்தது. கடைசியில் பெட்டியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சாச்சு. வெளையாடு."

அவன் எட்டிப் பார்த்தான். விரலின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. போதும்போல. கன்ட்ரோலரை எடுத்தான்.

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குஞ்சு காளானில் துள்ளியது. முகிலும் துள்ளினான். பாலம் சாய்ந்தபோது அவனும் சாய்ந்தான், அம்மா சாய்வதுபோல, முழு உடம்போடு. வழியில் ஒரு கருமேகம் குறுக்கே வந்து நின்றது.

"எருமை! தள்ளிப் போ எருமை!"

மூன்று மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சத்தம்.

அவள் விரலை இன்னும் அழுத்தினாள். மரத்துப்போயிருந்தது.

ஆறு கடந்தது. நாய் வாலாட்டிவிட்டுப் போனது. கடைசி மரம் வந்தது. உச்சிக் கிளையில் தாய்ப்பறவை.

ஒரே ஒரு தாவல்.

முகில் நிறுத்திவிட்டான்.

திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கன்ட்ரோலரை அவள் பக்கம் நீட்டினான்.

"நீ போக்கா. நான் ஜோவின் வீட்ல ஒருவாட்டி போய்ட்டேன்."

திரையில் குஞ்சு கிளை நுனியில் நின்று இறக்கையை உதறியது.

அவள் கட்டைவிரல் பொட்டின் மேலேயே இருந்தது.

கன்ட்ரோலரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.